தராசுக்குப் படிக்கல், மீற்றருக்குத் தாங்கற்கரைசல்

(தோட்ட வாசிகசாலை ஒன்றில் இளைஞர்களும் மாதர் சங்கத்தினரும் கூடியிருந்த வேளை எமது வெளிக்களக் குழுவினர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம் இது. பேசியதைப் பெரும்பாலும் பேசியபடியே தந்துள்ளோம்.)



வேலை முடிந்து, கைகால் கழுவி, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் நேரே இங்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே முகவுரை நீட்டப் போவதில்லை. இன்று நாங்கள் பேச வந்தது, மேசையில் இருக்கிற இந்தச் சின்னக் கருவியைப் பற்றி. பேனாவைப் போல இருக்கிறது. நுனியில் ஒரு கண்ணாடிக் குமிழ். இதற்குப் பீஎச் மீற்றர் என்று பெயர். மண்ணில் புளிப்பு எவ்வளவு என்று சொல்லும். அதைவிட, இது எப்போது பொய் சொல்லும், அந்தப் பொய்யை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் இன்று காட்டப் போகிறோம்.

முதலில் தராசிலிருந்து தொடங்குவோம். தராசைப் பற்றி உங்களுக்கு நாங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது முள்ளு எங்கே நிற்கிறது, மூட்டைக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், தண்ணிக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே கண் பழகிப்போனவர்கள் நீங்கள். ஒரு தராசில் ஒன்றும் வைக்காதபோது முள்ளு சைபரில் நிற்கிறது. சரி. அதனால் அது நல்ல தராசு என்று சொல்லிவிட முடியுமா? முன்வரிசையில் இருக்கிற அக்கா தலையை ஆட்டுகிறார். ஆமாம், முடியாது. சைபரில் சரியாக நின்று, இருபது கிலோ வைத்தால் பதினெட்டு காட்டுகிற தராசும் இருக்கிறது. அதனால்தான் நிறை தெரிந்த படிக்கல்லை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். அளவீட்டு அலகுகள் திணைக்களத்து ஆட்கள் தராசுக்கு முத்திரை போட வரும்போதும் படிக்கல்லைக் கொண்டுதான் வருவார்கள்.

இந்த மீற்றருக்கும் அதே கதைதான். இதற்குரிய படிக்கல், போத்தலில் வருகிற தண்ணீர் மாதிரியான ஒரு திரவம். தாங்கற்கரைசல் என்று பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் சொல்வார்கள். க.பொ.த. உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். கொஞ்சம் அமிலமோ காரமோ கலந்தாலும் தன் இடத்தை விட்டு லேசில் அசையாமல் தாங்கி நிற்பதால் அந்தப் பெயர். எங்களிடம் இரண்டு இருக்கிறது. ஒன்று 7, மற்றது 4.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. 7க்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். இந்த அளவை 1909 ஆம் ஆண்டு கோப்பன்ஹேகனில் சோரன்சன் என்ற இரசாயன அறிஞர் வகுத்தார். அவர் வேலை பார்த்தது ஒரு பியர் கம்பனியின் ஆய்வுகூடத்தில் என்பது பலருக்குத் தெரியாது. பின்பு 1934 இல் அமெரிக்காவில் பெக்மன் என்பவர், எலுமிச்சம்பழச் சாற்றின் புளிப்பை அளக்கத் திண்டாடிய ஒரு நண்பருக்காக இந்த மாதிரி மீற்றரைச் செய்து கொடுத்தார். அது கிடக்கட்டும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த எண் படிக்கட்டு மாதிரி ஒவ்வொன்றாகக் கூடுவதில்லை. 5இலிருந்து 4க்கு இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு. 4.8க்கும் 4.2க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சின்னது. உண்மையில் அது ஏறக்குறைய நான்கு மடங்கு.

தேயிலை புளிப்பு மண்ணில் வளர்கிற செடி என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. 4.5 முதல் 5.5 வரைக்கும்தான் அதற்குப் பிடித்த இடம். நம் மலைகளில் நூறு வருடத்துக்கு மேலாக மழை சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போகிறது. கொழுந்தோடும் கொஞ்சம் போகிறது. போதாததற்கு, நாம் போடுகிற அமோனியா உரமும் யூரியாவும் மண்ணில் மாறும்போது மேலும் புளிப்பேற்றுகின்றன. 4.5க்கு நன்றாகக் கீழே போய்விட்டால், நீங்கள் மூட்டை மூட்டையாக உரம் போட்டாலும் செடி அதற்குரிய பலனைத் தராது. அப்போதுதான் டொலமைட் போட வேண்டும். கவ்வாத்துக் காலத்தோடு ஒட்டிப் போடுவது வழக்கம். அதே சமயம், தேவையில்லாத இடத்தில் டொலமைட்டை அள்ளிக் கொட்டி 5.5ஐத் தாண்ட வைத்தாலும் தேயிலை முகத்தைச் சுளிக்கும். ஆகவே போடவா வேண்டாமா என்று தீர்மானிப்பது இந்தக் குச்சி காட்டுகிற எண். குச்சி தப்பாகக் காட்டினால் உங்கள் காசுதான் மண்ணாகும்.

இதை ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. நாங்களே செய்த பிழை ஒன்றைச் சொல்கிறோம். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

2023 ஆம் ஆண்டு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், அந்த வருடம் நவம்பரிலேயே தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு உரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்த நேரம் ஒரு டிவிஷனில் பன்னிரண்டு குடும்பங்கள் தோட்டத்திடமிருந்து செடி பொறுப்பெடுத்து, தாங்களே உரம் போட்டு, தாங்களே கொழுந்து பறித்து, கிலோவுக்குக் காசு வாங்கும் முறையில் இருந்தார்கள். உரச் செலவு அவர்கள் தலையில். நாங்கள் மண் பார்த்துத் தருகிறோம் என்று போனோம். எல்லோருடைய மண்ணையும் அளந்தோம். 4.8, 5.0, 4.7 என்று வந்தது. "மண் நன்றாக இருக்கிறது, டொலமைட்டுக்குச் செலவழிக்க வேண்டாம், அந்தக் காசையும் உரத்தில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அவர்களும் நம்பிப் போட்டார்கள். சிலர் காதுத் தோட்டை அடகு வைத்துப் போட்டார்கள் என்று பிறகுதான் தெரிய வந்தது.

இரண்டு தரம் உரம் போட்டும் கொழுந்து ஏறவில்லை. மறுபடி போனபோது ஓர் அக்கா முற்றிய இலை ஒன்றைப் பறித்துக்கொண்டு வந்து எங்கள் கையில் கொடுத்தார். நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் விழுந்து, நடுநரம்பை ஒட்டிப் பச்சை மட்டும் மிஞ்சிய இலை. மக்னீசியம் குறைந்தால் அப்படித்தான் வரும். "ஐயா, எங்க அப்பா காலத்துல இப்படி எலை வந்தா டொலமைட் போடுவாங்க. நீங்க வேணாமுன்னுட்டீங்க. கொழுந்து தராசுக்குப் படிக்கல்லு வச்சுப் பாக்கணுமுன்னு எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான். இந்தக் குச்சிய எதை வச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

எங்களிடம் பதில் இருந்தது. ஆனால் அது பாதிப் பதில். 7 என்ற போத்தலில் வைத்துப் பார்த்திருந்தோம். அதில் சரியாக 7 காட்டியது. 4 என்ற போத்தல் முடிந்துபோயிருந்தது. வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அதாவது தராசு சைபரில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தோம், படிக்கல் வைக்கவில்லை.

ஒரு வாரத்தில் 4ஆம் போத்தலை வாங்கி வந்து, அந்த அக்கா முன்னாலேயே குச்சியை அதில் விட்டோம். 4.01 காட்ட வேண்டிய இடத்தில் 4.6 காட்டியது. அப்போதே எங்களுக்கு வேர்த்துவிட்டது.

ஏன் அப்படி ஆனது? இந்தக் கண்ணாடிக் குமிழ் இரண்டு பக்கமும் உள்ள புளிப்பு வித்தியாசத்துக்கு ஏற்ப மிகச் சிறிய மின்னழுத்தம் ஒன்றைத் தரும். குமிழுக்கு உள்ளே இருக்கிற திரவம் 7. வெளியேயும் 7 என்றால் வித்தியாசம் இல்லை, அழுத்தம் சைபர். அதிலிருந்து ஒவ்வொரு எண் விலகும்போதும், 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், ஏறக்குறைய 59 மில்லிவோல்ற்று தர வேண்டும். இதைச் சரிவு என்பார்கள். குமிழ் கிழடாகிப் போனால், அல்லது காய்ந்துபோனால், 59க்குப் பதிலாக 47 தான் தரும். எங்களுடைய குச்சியின் சரிவு நூற்றுக்கு எண்பதாக இறங்கியிருந்தது. 7இல் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே எல்லாமே சைபர். 7ஐ விட்டு எவ்வளவு தூரம் போகிறோமோ, பொய்யும் அவ்வளவு பெரிதாகும். மண் 4.2 ஆக இருந்தால், 7இலிருந்து 2.8 தூரம். அதில் எண்பது வீதம் 2.24. ஆகவே மீற்றர் 4.76 என்று காட்டும். நாங்கள் 4.8 என்று எழுதிக்கொண்டோம். பழைய குச்சி எப்போதும் புளித்த மண்ணை நல்ல மண் என்றே சொல்லும் என்பதைக் கவனியுங்கள். தேயிலைக்காரருக்கு இதைவிடக் கெட்ட பொய் இல்லை.

பன்னிரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போனோம். பிழை எங்களுடையது என்று சொன்னோம். ஒன்பது குடும்பத்துக்கு டொலமைட்டைத் தக்க நேரத்தில் போட முடிந்தது. மூன்று குடும்பத்தின் செடி அதற்குள் கவ்வாத்து வெட்டி, துளிர்த்து, மட்டம் உடைக்கிற கட்டத்துக்கு வந்துவிட்டது. போட வேண்டிய நல்ல நேரம் கடந்துவிட்டது. போன காசு போனதுதான். அதற்கு எங்களிடம் சமாதானம் எதுவும் இல்லை.

சரி, இப்போது செய்து காட்டுகிறோம். இளைஞர்கள் கிட்ட வாருங்கள். தங்கச்சிமார் பின்னால் நிற்க வேண்டாம், நீங்கள்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும், கை பக்குவம் உங்களிடம்தான்.

முதலில் மூடியைக் கழற்றினோம். மூடிக்குள் கொஞ்சம் திரவம் இருக்கிறதல்லவா, அது பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல். குமிழ் எப்போதும் இதில் நனைந்தபடிதான் இருக்க வேண்டும். காய விடக்கூடாது. காய்ச்சி வடித்த நீரிலும் ஊற வைக்கக்கூடாது, அது குச்சிக்குள் இருக்கிற உப்பை வெளியே இழுத்துவிடும். மூடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் பயப்பட வேண்டாம், கழுவினால் போய்விடும். குமிழுக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால், காய்ச்சல் பார்க்கிற பழைய கண்ணாடிக் கம்பியை உதறுவோமே, அப்படி மெதுவாகக் கீழ்நோக்கி உதறுங்கள்.

காய்ச்சி வடித்த நீரால் கழுவினோம். மோட்டார் கராஜில் பற்றரிக்கு ஊற்ற விற்கிற சுத்தத் தண்ணீர் இதற்குப் போதும். பற்றரி அசிட் இல்லை, தண்ணீர்! இரண்டையும் மாற்றி வாங்கி வந்துவிடாதீர்கள், போத்தலை வாசித்து வாங்குங்கள். கழுவிய பிறகு சேலைத் தலைப்பாலோ சாரத்தாலோ தேய்க்கக்கூடாது. மெல்லிய கடதாசியால் ஒற்றி எடுத்தால் போதும். தேய்த்தால் கண்ணாடியில் மின்னேற்றம் ஏறி, எண் வெகுநேரம் ஆடிக்கொண்டிருக்கும்.

இனி 7. போத்தலுக்குள்ளே குச்சியை விடவே கூடாது. சின்னக் கோப்பையில் குமிழ் முழுக நனையும் அளவு ஊற்றி, அதில் விட்டு, லேசாக ஒரு சுற்றுச் சுற்றி, பேசாமல் இருக்க வேண்டும். எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். ஒரு நிமிடம் ஆகலாம். இரண்டும் ஆகலாம். அவசரப்பட்டால் பலனில்லை. நின்ற பிறகு மீற்றரில் உள்ள திருத்தும் பொத்தானை அழுத்தி 7இல் நிறுத்துகிறோம்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, மேல்மலைக்காரர் நமக்கு இது முக்கியம். போத்தலில் 7.00 என்று எழுதியிருப்பது 25 பாகைக்கு. விடியற்காலையில் இந்தப் பக்கம் 15 பாகைதான் இருக்கும். அந்தக் குளிரில் அதே கரைசல் 7.04. போத்தலின் முதுகில் சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும், அதைப் பாருங்கள். தானே வெப்பநிலை பார்த்துத் திருத்துகிற மீற்றரும் உண்டு. அதிலும், மண்கரைசலும் தாங்கற்கரைசலும் ஒரே சூட்டில் இருந்தால் நல்லது. அதனால் நாங்கள் எல்லாவற்றையும் முதல்நாள் இரவே ஒரே அறையில் வைத்துவிடுவோம்.

கழுவி, ஒற்றி, இப்போது 4. இதுதான் படிக்கல். மீற்றர் என்ன சொல்கிறது, தம்பி வாசியுங்க. 4.07. நிற்கட்டும். 4.05. நின்றுவிட்டது. இவ்வளவு பிழை திருத்தத்துக்கு உட்பட்டது. பொத்தானை அழுத்துகிறோம். 4.01 ஆகிவிட்டது. இனி மறுபடி 7இல் விட்டுப் பார்ப்போம். 7.01. இந்தக் குச்சியை நம்பலாம்.

எவ்வளவு பிழை என்றால் குச்சியைத் தூக்கி எறிய வேண்டும் என்று கேட்பீர்கள். சில மீற்றரில் சரிவு எத்தனை வீதம் என்றே காட்டும். 95க்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். மில்லிவோல்ற்று காட்டுகிற மீற்றர் என்றால் இரண்டு கரைசலுக்கும் இடையில் 25 பாகையில் 177 அளவில் வித்தியாசம் வர வேண்டும். உடனே எறியவும் வேண்டாம். மண் அளக்கிற குச்சியில் களி ஏறி, பக்கத்தில் இருக்கிற சின்னத் துவாரம் அடைபடும். மென்மையாகக் கழுவி, சேமிக்கும் கரைசலில் ஓர் இரவு ஊற வைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். பல தரம் உயிர் வந்துவிடும். 7இலும் 4இலும் ஒரே எண்ணைக் காட்டினால் குமிழ் வெடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்தில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஒரு குச்சி ஒன்று இரண்டு வருடம்தான் உழைக்கும்.

கரைசலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படிக்கல்லே தேய்ந்து போனால் யாரிடம் போவது? ஊற்றிய கரைசலைத் திரும்பப் போத்தலில் ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று நம் வீட்டுப் பழக்கத்தில் கை போகும். ஒரு துளி மண் போத்தலுக்குள் போனால் போத்தல் முழுவதும் கெட்டது. 4ஆம் கரைசலில் பூஞ்சணம் வளரும், பஞ்சு மாதிரி மிதந்தால் கொட்டிவிடுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். கடையில் மலிவான மீற்றரோடு பொட்டலத்தில் தூள் வரும். அதில் அனேகமாக 6.86 என்று இருக்கும், 7 என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். அந்தத் தூளைப் பொட்டலத்தில் போட்டுள்ள அளவுக்கு, சாதாரணமாக 250 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீரில் கரைக்க வேண்டும். பீலித் தண்ணீரில் கரைக்கக்கூடாது. உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒன்று: பள்ளி ஆய்வுகூடத்தில் பொற்றாசியம் ஐதரசன் தலேற்று இருந்தால், 10.21 கிராமைக் கரைத்து ஒரு லீற்றர் ஆக்கினால் 4.01 உங்கள் கையிலேயே இருக்கிறது. தராசு நல்ல தராசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மண் எடுக்கிற விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மேலே கிடக்கிற சருகை ஒதுக்கி, ஆறு அங்குலம் வரை, பல இடத்தில் எடுத்துக் கலக்க வேண்டும். உரம் விழுந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். காயவைத்துச் சலித்த மண் 20 கிராம், காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலீற்றர், நன்றாகக் கலக்கி அரை மணித்தியாலம் விட்டு அளக்கிறோம். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போட வேண்டாம், அமோனியா காற்றோடு போய்விடும். சில வாரங்களாவது இடைவெளி வையுங்கள்.

கேள்வி நேரத்தில் ஓர் அண்ணன் எழுந்து, "ஐயா, மழைத்தண்ணி சுத்தம்தானே, அதுல 7 காட்டுதான்னு பாத்தா போதாதா, எதுக்குப் போத்தல் வாங்கணும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சுத்தமான தண்ணீர் காற்றிலிருந்து கரியமிலவாயுவை உறிஞ்சி 5.6 வரைக்கும் இறங்கிவிடும். அதோடு அதற்குத் தாங்கும் சக்தி இல்லை, கை பட்டாலே மாறும். படிக்கல்லுக்குப் பதில் பஞ்சு மூட்டையை வைத்து நிறுப்பது போலத்தான்.

இன்னொரு தங்கச்சி மரக்கறித் தோட்டத்துக்கு இது உதவுமா என்று கேட்டார். கட்டாயம் உதவும். அங்கே எண் வேறு. கோவாவில் வேர் வீங்கிப் போகிற நோய்க்கு மண்ணைச் சுண்ணாம்பிட்டு 7க்குக் கிட்டே கொண்டுவருவார்கள். அதே பாத்தியில் அடுத்த போகம் உருளைக்கிழங்கு போட்டால் கிழங்கில் சொறி விழும் வாய்ப்பு கூடும். ஆகவே என்ன போடப் போகிறோம் என்று முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு அளவுங்கள்.

உங்கள் மண்ணைப் பற்றிப் பெரிய செலவான தீர்மானம் எடுப்பதற்கு முன், எங்கள் எண்ணோடு மட்டும் நின்றுவிடாதீர்கள். 1925 இல் தொடங்கப்பட்டு, இப்போது தலவாக்கலையில் இயங்கி வருகிற தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் ஒரு மாதிரியை அனுப்பிப் பார்க்கலாம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள், குச்சியோடு வருகிறோம்.

இந்த மீற்றரும், இரண்டு போத்தலும், ஓர் அப்பியாசக் கொப்பியும் இன்று முதல் இந்த வாசிகசாலை அலுமாரியில் இருக்கும். சாவி மாதர் சங்கத் தலைவியிடம். கொப்பியில் நாங்கள் கோடு போட்டு வைத்திருக்கிறோம்: திகதி, அறைச் சூடு, திருத்துவதற்கு முன் 7இல் என்ன காட்டியது, 4இல் என்ன காட்டியது, பார்த்தவர் கையெழுத்து. அதற்குக் கீழேதான் மண்ணின் எண் எழுத வேண்டும். மேல்வரி வெறுமையாக இருந்தால் கீழ்வரியில் எழுதின எண்ணை யாரும் ஏற்க வேண்டாம், அது எங்கள் கையெழுத்தாகவே இருந்தாலும் சரி.

அந்த டிவிஷன் அக்கா இன்று வர முடியவில்லை, மகளுக்குப் பிள்ளைப்பேறு. முதல் பக்கத்தில் முதல் கையெழுத்து அவருடையதாக இருக்க வேண்டும் என்று அந்த வரியை விட்டு வைத்திருக்கிறோம். நீங்கள் இரண்டாவது வரியிலிருந்து தொடங்குங்கள்.